ஏஐ வாய்ஸ் டூலுக்கு காசு கட்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கடலூர் ஓ.டி.ல (ஓல்டு டவுன்) ஆட்டோ விளம்பரம் ரெக்கார்டிங் பண்ணிட்டு இருக்கேன். எப்பவும் பேசிக் கொடுக்கற அக்காவுக்கு தொண்டை சரியில்ல, மாசி மகம் நெருங்கிடுச்சு, மஞ்சக்குப்பத்து ஜவுளிக்கடை ஒன்னு காலைலயே ஆட்டோ கிளம்பணும்னு நிக்கிறாங்க, சரி எழுதிக் கொடுத்தா குரலா வாசிச்சுத் தர்ற ஏஐ வாய்ஸ் ஒன்னு வாங்கிடலாம்னு தேடுனேன். ஒரு டூலோட தமிழ் டெமோ கேட்டா அப்படியே ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி இருந்துச்சு. மாசம் 499ன்னு போட்டிருந்தான், கார்டு போட்டேன், 5,988 எடுத்துட்டான். வருஷத்துக்கு மொத்தமா கட்டணும்னு கீழ பொடி எழுத்துல இருக்கு.

உள்ள போனா டெமோல கேட்ட குரலே இல்லங்க. இங்கிலீஷுக்கு பண்ண குரலையே தமிழுக்கும் பேச விட்டிருக்கான். "விழா"ங்கறத "விலா"ன்னு சொல்லுது, திருப்பாதிரிப்புலியூர மூனு துண்டா உடைச்சு வாசிக்குது, 1,499ஐ "ஒன்னு"ன்னு நிறுத்திட்டு அப்புறமா நானூத்தி தொண்ணூத்தொம்போதுங்குது. சரி பண்ண திரும்பத் திரும்ப ஜெனரேட் கொடுத்தா ஒவ்வொரு வாட்டியும் கிரெடிட் போகுது, அதாவது கட்டின காசுக்கு அவன் தர்ற எழுத்து அளவு குறையுது. இதுல இன்னொரு கொடுமை, தமிழ்ல ப், பு எல்லாம் கம்ப்யூட்டருக்கு ரெண்டு ரெண்டு கேரக்டர், திருப்பாதிரிப்புலியூர் நமக்கு 11 எழுத்து, அவன் கணக்குல 22. ராத்திரி பத்து மணிக்கு கிரெடிட் காலி.

வேற வழியில்லாம அதையே கொடுத்து அனுப்புனேன். ஆட்டோ தேவனாம்பட்டினம் ரோடு தாண்டறதுக்குள்ள கடைக்காரர் போன் பண்ணிட்டார், "என்ன தம்பி, நம்ம ஊர் பேரையே தப்பா சொல்லுது"ன்னு. மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு, எட்டு வருஷ பழக்கம் அவரோட.

பணத்தைத் திருப்பிக் கேட்டா கிரெடிட் செலவாயிடுச்சு, தர முடியாதுன்னு ஒரே பதில்தான் வருது.

வாங்கறவங்க தயவுசெஞ்சு டெமோவ நம்பாதீங்க, உங்க ஊர் பேரு, விலை, ழ வர்ற நாலு வார்த்தை, இதெல்லாம் ஃப்ரீ பிளான்லயே போட்டுக் கேளுங்க. ஃப்ரீல எடுத்த ஆடியோவ விளம்பரத்துக்கு யூஸ் பண்ணலாமான்னும் பாத்துக்கோங்க, நிறைய டூல்ல கூடாது. மைக்ரோசாஃப்ட்ல பல்லவி, வள்ளுவர்னு தமிழுக்குன்னே பண்ண குரல் இருக்கு, ஐஐடி மெட்ராஸ் ஏஐ4பாரத் காரங்க இலவசமாவே தமிழ் பேசற குரல் மாடல் விட்டிருக்காங்க, முதல்ல அதக் கேட்டுப் பாருங்க. எழுத்துக் கணக்கு, வருஷக் கட்டணமா மாசக் கட்டணமா, ரெண்டையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.

நான் ஆட்டோ ரினியூவல ஆஃப் பண்ணிட்டு நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சிருக்கேன். இதே மாதிரி மாட்டுனவங்க யாராவது பணம் திரும்ப வாங்கியிருந்தா எப்படின்னு சொல்லுங்க.