தண்ணீர்பள்ளி சாந்திவனம்: தங்கி இறைவேண்டல் செய்ய விரும்புவோருக்கு

கரூர் மாவட்டம் குளித்தலைக்கு அருகே, காவிரியின் தென்கரையில் அமைந்துள்ள சச்சிதானந்த ஆசிரமத்தைச் சாந்திவனம் என்றே பலரும் அறிவர். பிரான்சிலிருந்து வந்த குருக்களான ஜூல் மோன்ஷானென் அடிகளாரும், பின்னர் அபிஷிக்தானந்தர் எனப் பெயர் பூண்ட ஆன்றி லெ சோ அடிகளாரும் 1950-இல் நிறுவிய இந்தக் கத்தோலிக்கத் துறவு இல்லத்தில், எச்சமயத்தினரும் விருந்தினராகத் தங்கலாம். கத்தோலிக்கராகிய நம்மிடையே தியான இல்லங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பலவற்றில் மறையுரைகளும் ஒலிபெருக்கியுமே பொழுதை நிரப்பிவிடுகின்றன. சாந்திவனத்திலோ, கற்பிக்கும் பொறுப்பின் பெரும்பகுதியை ஆற்றிடமும் மரங்களிடமும் ஒப்படைத்திருக்கிறார்கள். நான் இதைப் பரிந்துரைப்பதற்கு முதற்காரணம் அதுதான்.

இந்த நோக்கு இங்கே தற்செயலாக வேரூன்றியதன்று. 1968 முதல் ஆசிரமத்தை வழிநடத்தி, 1993-இல் இங்கேயே மறைந்த ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ், தம் ஆன்மிகத் தேடலின் தொடக்கமாக எப்போதும் குறிப்பிட்டது பள்ளி இறுதிப் பருவத்தின் ஒரு மாலைநேரத்தைத்தான். கதிரவன் மறையும் வேளையில், பூத்திருந்த மரங்களுக்கிடையே பறவைகளின் பாட்டைக் கேட்டு நின்ற அந்த இளைஞர், தாம் அதுவரை உணர்ந்திராத ஓர் அருகிருப்பின் முன் மண்டியிட வேண்டும்போல் உணர்ந்தார். திருச்சபைக்கும் துறவுக்கும் இந்தியாவுக்கும் அவர் வந்துசேர்ந்தது அந்த மாலை காட்டிய வழியில்தான்.

நாளின் அமைப்பிலும் அதன் சாயலைக் காணலாம். விடியலும் அந்தியும் மௌனத் தியானத்துக்கு உரியவை. ஆற்றங்கரையிலோ மரநிழலிலோ விருப்பம்போல் அமரலாம். காலை, நண்பகல், மாலை என மூன்று வேளை பொது வேண்டுதல் நடைபெறுகிறது. தமிழகக் கோயில்களின் பாணியில் எழுப்பப்பட்ட ஆலயத்தில் காலைத் திருப்பலியில் (பூசையில்) அப்பமும் திராட்சை இரசமும் படைக்கப்படும் காணிக்கைப் பகுதியை ஒருவர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். நீர் தெளித்து, நிலத்தின் விளைவான அப்பத்தையும் இரசத்தையும் எட்டுத் திசைகளைக் குறிக்கும் எட்டு மலர்களுடன் உயர்த்தி, காற்றுக்கு நறும்புகையும் நெருப்புக்குக் கற்பூரமுமாக ஆரத்தி எடுக்கும்போது, படைப்பு முழுவதும் பீடத்தருகே வந்துவிடுகிறது. காலையில் சந்தனமும் நண்பகலில் குங்குமமும் மாலையில் திருநீறும் நெற்றியில் இடப்படுகின்றன. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று மட்டும் சாம்பல் பூசிப் பழகிய நமக்கு, ஒவ்வொரு மாலையும் அதைப் பெறுவது புதிய அனுபவமாக இருக்கும்.

இவ்வடிவங்களும் வடமொழி மந்திரங்களும் கத்தோலிக்கர் சிலருக்கு உறுத்தலாக இருந்துவருவதை நான் அறிவேன். அவர்களுடைய தயக்கத்தை எளிதாகத் தள்ளிவிடவும் மாட்டேன். ஆறும் மரமும் கடவுள் அல்ல என்பதில் கிறிஸ்தவ நம்பிக்கை உறுதியானது. ஆனால் கண்ணுக்குப் புலப்படாத இறைவனின் ஆற்றலைப் படைப்புகளின் வழியே மனம் கண்டுகொள்ள முடியும் என்று விவிலியத்தில் உரோமையருக்கான திருமுகத்தில் எழுதியவரும் திருத்தூதரான புனித பவுலே. இங்குள்ள வழிபாடு அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது என்பது என் கருத்து. மலரும் நீரும் இங்கே வணங்கப்படுவதில்லை, காணிக்கையாக்கப்படுகின்றன.

எப்போது செல்லலாம் என்று கேட்பவர்களுக்கு, பெரும்பாலோர் ஆடிப்பெருக்கை ஒட்டிய மாதங்களையே சொல்வார்கள். அகண்ட காவிரி எனப்படும் இப்பகுதியில், முசிறிக் கரைவரை நீர் விரிந்து செல்வது காணத்தக்க காட்சிதான். ஆயினும் மேட்டூர் அணை திறக்கப்படாத கோடை மாதங்களையும் ஒதுக்கிவிட வேண்டாம் என்பேன். ஆற்றின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அந்நாள்களில், சற்றே தோண்டினால் ஊற்றெடுக்கும் நீரைக் காணும்போது, மறைந்திருக்கும் இறைவன் என்று விவிலியத்தின் இறைவாக்கினர் எசாயா அழைத்ததன் பொருள் விளங்கத் தொடங்குகிறது. நிறைந்தோடும் ஆற்றின் அருகே நம்புவது எளிது. வறண்ட ஆற்றின் முன் அமர்ந்தும் அதே இறைவனை நாட முடிகிறதா என்பதே எனக்கு முக்கியமான கேள்வி. நலிவிலும் இழப்பிலும் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெயில் கடுமையானது என்பதால் முதியோர் மட்டும் மார்கழி, தை மாதங்களைத் தேர்ந்துகொள்வது நலம்.

தங்குமிடம் எளிமையானது, உணவும் எளிய சைவ உணவு. தங்குவோர் தம்மால் இயன்ற காணிக்கை அளிப்பதும், காய்கறி நறுக்குவது போன்ற சிறு பணிகளில் பங்கேற்பதும் வழக்கம். வசதியான ஓய்வு விடுதியை எதிர்பார்ப்பவர்களுக்கும், ஆற்றுப்படுத்துநர் ஒருவர் நாள்முழுதும் உடனிருந்து வழிநடத்த வேண்டும் என விரும்புபவர்களுக்கும் இது பொருந்தாது. குளித்தலை, திருச்சி–கரூர் இருப்புப்பாதையில் உள்ள நிலையம் என்பதால் பயணம் கடினமன்று. முன்னதாகத் தொடர்புகொண்டு இடம் உறுதிசெய்த பின்னரே புறப்படுங்கள். ஓர் இரவு தங்கித் திரும்பும் திட்டத்தையும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் முதல் நாள் முழுவதும் நகரத்தின் இரைச்சல் காதைவிட்டு நீங்குவதற்கே சரியாகிவிடும்.