தீபாவளிக் கூட்டத்தில் சின்னக் கடை: காவலாளியா, கேமராவா, கூடுதல் ஆளா?

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், தேக்கா பக்கத்துச் சந்து ஒன்றில் கவரிங் நகை, வளையல், சுடிதார் வைத்து விற்கும் சின்னக் கடை எங்களுடையது. சிராங்கூன் சாலையில் அலங்கார விளக்கு எரியத் தொடங்கியதிலிருந்து தீபாவளிக்கு முந்தின ராத்திரி வரை கடைக்குள் நிற்க இடம் இருக்காது. வியாபாரமும் நடக்கும், பொருளும் கால் முளைத்து நடக்கும். அதைத் தடுக்க எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. பாதுகாவல் நிறுவனத்திடமிருந்து ஒரு காவலாளி எடுப்பது, கேமராவையும் அலாரத்தையும் பலப்படுத்துவது, பண்டிகை முடியும்வரை கடைக்குள் இன்னொரு ஆளைப் போடுவது. நாங்கள் மூன்றாவதை எடுத்தோம், இப்போதும் அதையேதான் செய்கிறோம். ஆகவே இது நடுநிலையான அலசல் இல்லை.

கடைத் திருட்டு குறைந்தபாடில்லை. காவல்துறைக் கணக்கில் 2023ல் 3,939 சம்பவங்கள், 2024ல் 4,237. இதில் பெரிய பேரங்காடிகளும் அடக்கம், நம்மைப் போன்ற கடைகளின் பங்கு தனியாகத் தெரியாது. அதோடு ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விலையுள்ள தோடு காணாமல் போனதற்கு எத்தனை கடைக்காரர் புகார் கொடுத்திருப்பார் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அலாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கதவில் உணர்கருவி, மாதச் சந்தா, ஏதாவது நடந்தால் கண்காணிப்பு நிலையத்திலிருந்து அழைப்பு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பண்டிகைக் காலத்தில் நம் பொருள் போவது ஷட்டர் திறந்திருக்கும்போது, விளக்கு எரியும்போது, நாம் உள்ளே நிற்கும்போது. அந்த நேரத்தில் அலாரம் அணைந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின நாள் நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கும், அன்றைக்கு அதைப் போடவே முடியாது. பண்டிகை முடிந்து கடையை மூடிவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு அது உதவலாம். நான் சந்தா கட்டிப் பார்த்ததில்லை, அதனால் இதற்கு மேல் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

காவலாளி விஷயத்துக்கு வருவோம். வாசலில் சீருடை நின்றால் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு, மறுக்கவில்லை. தங்க நகைக்கடையாக இருந்தால் வேறு பேச்சே வேண்டாம், உரிமம் பெற்ற நிறுவனத்தில் ஆள் எடுங்கள். அங்கே பயம் வேறு, காப்புறுதிக்காரர் கேட்கும் நிபந்தனையும் வேறு. நம் அளவுக் கடைக்கு முதல் இடி சம்பளம். அரசாங்கத்தின் படிப்படியாக உயரும் சம்பள முறைப்படி முழுநேரப் பாதுகாவல் அதிகாரிக்கு 2025ல் மாதம் குறைந்தது 2,870 வெள்ளி, 2026ல் 3,090 வெள்ளி. நிறுவனம் இதற்குமேல் மத்திய சேமநிதியையும் (ஊழியரின் கட்டாயச் சேமிப்புக்கு முதலாளி கட்டும் பங்கு) தன் செலவையும் லாபத்தையும் சேர்த்துத்தான் நமக்கு விலை சொல்லும். அவர்கள் உழைப்புக்கு அது நியாயமான சம்பளம்தான். ஆனால் நாம் விற்பது பத்து வெள்ளி வளையல்.

இரண்டாவது சிக்கல் இடம். எங்கள் கடையில் காவலாளி நின்றால் இரண்டு வாடிக்கையாளர் நிற்கும் இடம் போய்விடும். வெளியே கடை முகப்பை ஒட்டிய ஐந்தடிப் பாதையில் நின்றால் அவர் கண்ணில் படுவது வாசல் மட்டும்தான். கவரிங் கடையில் திருட்டு வாசலில் நடப்பதில்லை, தட்டில் நடக்கிறது. எந்தத் தட்டிலிருந்து எது போனது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கேமரா எங்களிடமும் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவில்லை. கம்பி இழுத்துப் பதிவுப் பெட்டியோடு வைத்தது. வைஃபை கேமரா மலிவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் சுற்றிலும் அத்தனை கடை, அத்தனை கைப்பேசி இருக்கும் இடத்தில் அது நடுநடுவே விட்டுவிடுமோ என்ற சந்தேகத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. எதை வாங்கினாலும் பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள். 2020ல் இங்குள்ள வீடுகளின் கேமராக் காட்சிகளே இணையத்தில் விற்கப்பட்டது செய்தியில் வந்தது. வாசலில் ‘கேமரா இயங்குகிறது’ என்ற அறிவிப்பும் ஒட்ட வேண்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

பண்டிகை வந்தால் கேமராவுக்கும் வேலை வைத்துவிடுவோம். எங்கள் வரிசையில் ஒரு நடை நடந்து பாருங்கள். வாசல் கேமராவுக்கு நேர் முன்னால் ஜிகினாத் தோரணம் ஆடிக்கொண்டிருக்கும். உள்ளே இருப்பதன் கண்ணாடியில் காலை மாலை போடும் சாம்பிராணிப் புகை படிந்து, முகங்களெல்லாம் பால் ஊற்றியதுபோல் மங்கலாக வரும். பதிவுப் பெட்டியின் கடிகாரம் கால் மணி நேரம் பின்னால் ஓடும். அலங்காரம் கட்டி முடித்த கையோடு திரையில் ஒருமுறை பார்த்துவிட்டால் தீர்ந்தது. பழைய காட்சி எத்தனை நாளில் அழிந்துபோகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டாக் எண்ணுவது தீபாவளி முடிந்த பிறகுதான், அதற்குள் முக்கியமான நாளின் பதிவு போயிருக்கக்கூடும்.

எல்லாம் சரியாக இருந்தாலும் கேமரா சொல்வது நடந்த கதையை. பொருள் வாசல்படி தாண்டும் முன் யாரால் ஏதாவது செய்ய முடியும்? நான் முடிவெடுத்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

கடைக்குள் இருக்கும் ஆள் செய்வது ரொம்பச் சாதாரணமான காரியம். உள்ளே வருகிறவரைப் பார்த்து, “வாங்கக்கா, வளையலா? என்ன அளவு, டூ-ஃபோரா, டூ-சிக்ஸா?” என்று கேட்பது. வாங்க வந்தவருக்கு அது உபசரிப்பு. வேறு எண்ணத்தோடு வந்தவருக்கு, தன் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டார் என்ற தகவல். கடையில் யாருமே தன்னைக் கவனிக்கவில்லை என்ற நினைப்புதான் கையை நீட்ட வைக்கிறது. கூட்ட நேரத்தில் நானும் என் மனைவியும் கல்லாவிலும் பில்லிலும் மாட்டிக்கொண்டால் அந்த ‘வாங்கக்கா’வைச் சொல்ல ஆள் இல்லை.

அந்த ஆளை எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. வாசலில் நிறுத்தாதீர்கள். கல்லாவிலிருந்து பார்த்தால் தெரியாத மூலை ஒன்று எந்தக் கடையிலும் இருக்கும். எங்களுக்கு அது சுடிதார் ஸ்டாண்டுக்குப் பின்னால், உடை மாற்றும் அறைக்குப் பக்கத்தில். அவருக்கு இடம் அங்கேதான். உள்ளே எத்தனை உருப்படி போகிறதோ அந்த எண் எழுதிய அட்டையைக் கொடுப்பார். மூன்று போனால் மூன்று வெளியே வர வேண்டும், எண்ணி ஸ்டாண்டில் மாட்டுவார். மாட்டிக்கொண்டே அந்த மூலை முழுவதும் அவர் கண்ணில் இருக்கும்.

அப்புறம் தட்டு. ஜிமிக்கி, தோடு வைக்கும் வெல்வெட் தட்டு ஒன்று வெளியே இருந்தால் அடுத்ததை எடுப்பதில்லை. “அதையும் காட்டுங்க, இதையும் காட்டுங்க” என்று எவ்வளவு கேட்டாலும் முதல் தட்டு கண்ணாடிப் பெட்டிக்குள் போன பிறகுதான் இரண்டாவது வரும். குழிகள் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். ஒன்று விற்றால் உடனே கீழ் இழுப்பறையிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்துவிடுவோம். அப்படி இருந்தால், ஒரு ஜோடி குறைந்தாலும் பல் விழுந்த இடம் மாதிரி பளிச்சென்று தெரியும். இரண்டு பேர் மட்டும் கடையில் இருந்தபோது இந்த விதியைக் காப்பாற்றவே முடியவில்லை. கூட்டம் நெருக்கும்போது நாலு தட்டு கண்ணாடி மேல் கிடக்கும். மூன்றாவது கை வந்ததும் தட்டு தானாக உள்ளே போக ஆரம்பித்தது. எங்களைப் பொறுத்தவரை அந்தச் சம்பளத்துக்கான வரவு இதிலேயே வந்துவிடுகிறது.

இன்னொரு விதியும் உண்டு. மூன்று நாலு பேராக வருவார்கள். ஒருத்தர் மட்டும் விலை கேட்பார், நிறம் கேட்பார், மேலே இருப்பதை இறக்கச் சொல்வார். கடை ஆட்கள் எல்லாரும் அவரையே சுற்றி நிற்கும்போது மற்றவர்களுக்குக் கடை திறந்த வீடு. ஒரு வாடிக்கையாளரிடம் ஒரு ஆள்தான். இரண்டாவது ஆள், அந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் கேட்டாலும் தன் மூலையை விட்டு நகரக் கூடாது. இதைச் சொல்லிக் கொடுக்கச் சில நாள் ஆகும். உதவிக்கு ஓடுவதுதானே நம் பழக்கம்.

கூடுதலாகப் போட்ட ஆள் என்ன செய்யக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவோம். கையைப் பிடிப்பது, பையைத் திறக்கச் சொல்லி மல்லுக்கு நிற்பது, தெருவில் துரத்துவது எதுவும் வேண்டாம். சந்தேகம் வந்தால், “அதுக்கு இங்கேயே பில் போட்டுடலாமாக்கா?” என்று சிரித்த முகமாகக் கேட்டால் போதும். பெரும்பாலும் பொருள் கண்ணாடி மேல் திரும்பி வந்துவிடும், யாருக்கும் அவமானம் இல்லை. போய்விட்டால் உடையின் நிறம், போன திசை, நேரம் மூன்றையும் எழுதிக்கொள்வார். மிரட்டல், தள்ளுமுள்ளு என்றால் காவல்துறைக்கு 999. கடைத் திருட்டுக்கு ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் சட்டத்தில் இருக்கிறது, அதைக் காவல்துறை பார்த்துக்கொள்ளும். கடைக்காரர்களுக்கான கடைத் திருட்டு விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றும் அவர்களிடம் உண்டு. பகுதிக் காவல் நிலையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள்.

செலவைப் பார்ப்போம். மாலை ஐந்திலிருந்து பத்து வரை, மூன்று வாரம் என்றால் 105 மணி நேரம். மணிக்கு 12 வெள்ளி கொடுத்தால் 1,260 வெள்ளி, முதலாளியின் சேமநிதிப் பங்கு 17 விழுக்காட்டைச் சேர்த்தால் சுமார் 1,475 வெள்ளி. வெளிநாட்டு ஊழியர் வைத்திருக்கும் கடையாக இருந்தால், உள்ளூர்ப் பகுதிநேர ஊழியருக்கு மணிக்கு 10.50 வெள்ளிக்குக் குறையக் கூடாது என்பது 2024 ஜூலையில் வந்த விதி. அதன் பிறகு மாறியிருக்கிறதா என்பதை மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காவலாளி விற்க மாட்டார், இவர் விற்பார். எவ்வளவு விற்றார் என்று நான் தனியாகக் கணக்கு வைக்கவில்லை, ஆனால் பில் போட வரிசை நீண்டதும் திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. தீபாவளிக்கு ஊரிலிருந்து மச்சானோ சித்தி மகளோ வந்திருப்பார்கள். “சும்மா இருக்கிற நேரத்தில் கல்லாவில் நிற்கட்டுமே” என்று தோன்றும். வேண்டவே வேண்டாம். வருகை அனுமதியில் வந்தவரைக் கடையில் வேலைக்கு நிறுத்துவது சட்டவிரோதம், சம்பளம் இல்லாத உதவிதான் என்ற சமாதானம் எடுபடாது. செல்லுபடியாகும் அனுமதி இல்லாத வெளிநாட்டவரை வேலைக்கு வைத்தால் அபராதம் 5,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை, சிறையும் உண்டு. சிங்கப்பூரரின் மனைவியாக நீண்டகால வருகை அனுமதியில் இருப்பவர் என்றால் அமைச்சின் ஒப்புதல் கடிதம் வாங்கிக்கொண்டு வைக்கலாம்.

குறையும் இருக்கிறது. புதிய ஆள் உள்ளே வருவதே ஒரு ஆபத்துதான், அதனால் கல்லாச் சாவியும் ஸ்டாக் அறைச் சாவியும் எங்களிடமே இருக்கும். மூடிய கடைக்கு இவரால் ஒரு பயனும் இல்லை. எங்கள் கடை ஒரே தளம், ஒரே வாசல். மாடியும் பின்வாசலும் உள்ள கடைவீடுகளுக்கு ஒரு ஆள் போதுமா என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

பணத்தில் நடக்கும் ஏமாற்றுக்கும் இதே ஆள் உதவுகிறார். பேநவ் (கைப்பேசி வழியாக வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பும் முறை) அனுப்பியாகிவிட்டது என்று வாடிக்கையாளர் தன் கைப்பேசித் திரையைக் காட்டுவதை ஏற்பதில்லை, எங்கள் வங்கிச் செயலியில் பணம் விழுந்ததைப் பார்த்துவிட்டுத்தான் பை கைமாறும். கூட்டத்தில் நான் பார்க்கத் தவறினால் அவர் என்னைக் கேட்பார். கடை திறக்கும்போது கியூஆர் அட்டையின் மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று நகத்தால் சுரண்டிப் பார்ப்பதும் அவர் வேலை.

யாரை எடுப்பது? மாணவர்கள் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அக்டோபர், நவம்பரில் பள்ளிகளில் தேர்வுக் காலம், பலரால் வர முடியாது. பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்காமார்களிடம் கேளுங்கள். புடவைக்கும் வளையலுக்கும் அவர்களுக்குப் பழகிய கண், யாரிடமும் தயங்காமல் பேசுவார்கள். 2026ல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. செப்டம்பரிலேயே சொல்லி வைத்துவிடுங்கள். கேம்பல் லேனில் தீபாவளிச் சந்தைக் கடைகள் போட ஆரம்பித்துவிட்டால், பேசத் தெரிந்த அக்காக்களை எல்லாம் அவர்கள் பிடித்துவிடுவார்கள்.