வரிச் சுவரா, மிதக்கும் நாணயமா?

விளைபொருள் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவன் நான். அரசுக்கு அனுப்பும் கோரிக்கையில் எதை முதலில் வைப்பது என்று எங்களுக்குள் விவாதம் வந்தபோது, ஒரு பக்கம் சாய வேண்டியதாயிற்று. பாதை இரண்டுதான். நாணயத்தை வலுவாகப் பிடித்துவைத்து, இறக்குமதி வரி போட்டு உள்நாட்டுத் தொழிலைக் காப்பது ஒன்று. வரியைக் குறைத்துவிட்டு, நாணய மதிப்பைச் சந்தையின் போக்கில் மிதக்கவிடுவது இன்னொன்று. நான் இரண்டாவதன் பக்கம் நின்றேன்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். நாணய மதிப்பு இறங்கினால் விற்பவருக்கு வரவு கூடும்; உரமும் டீசலும் இறக்குமதி செய்பவருக்குச் செலவு கூடும். வரி போட்டால் உள்நாட்டு ஆலை பிழைக்கும். அதன் சரக்கை வாங்குபவர் கூடுதலாகக் கொடுப்பார். இதுவரை பெரிய வித்தியாசம் தெரியாது.

என்னைத் தீர்மானிக்க வைத்தது, இதையெல்லாம் யார் கையில் வைத்திருக்கிறார்கள் என்பதுதான். எந்தச் சரக்குக்கு எத்தனை சதவீதம், யாருக்கு விலக்கு என்று வரியை யாராவது உட்கார்ந்து முடிவு செய்துகொண்டே இருக்க வேண்டும். தலைநகரில் அலுவலகம் வைத்திருக்கும் தொழிலதிபர் நேரில் போய்ப் பேசி விலக்கு வாங்கிவிடுவார். ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் விவசாயிக்கு அது முடியாது. டிராக்டருக்கும் உரத்துக்கும் போட்ட வரியை அவர் கட்டுவார். தன் விளைச்சலை மட்டும் உலக விலைக்கே விற்பார். இறக்குமதி வரி கடைசியில் ஏற்றுமதி வரி மாதிரியேதான் வேலை செய்யும் என்று பொருளியலாளர் ஆபா லெர்னர் 1936-லேயே காட்டிவிட்டார். இறக்குமதி குறைந்தால் டாலருக்குக் கிராக்கி குறையும், உள்நாட்டு நாணயம் ஏறும், ஏற்றுமதியாளருக்குக் கைக்கு வருவது சுருங்கும்.

அர்ஜென்டினாவில் இது அப்பட்டமாகத் தெரிந்தது. 1991-ல் ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று சட்டம் போட்டுக் கட்டினார்கள். பக்கத்து நாடான பிரேசில் 1999 ஜனவரியில் தன் நாணயத்தை மிதக்கவிட்டு அதன் மதிப்பு சரிந்ததும், பிரேசில் சரக்கோடு ஒப்பிட்டால் அர்ஜென்டினாவின் சரக்கு ஒரே மூச்சில் விலை கூடிப்போனது. 2002 தொடக்கத்தில் கட்டு அறுந்தது. சில மாதங்களிலேயே டாலர் மூன்று பெசோவைத் தாண்டியது. விவசாயிக்கு நல்ல காலம் என்றுதானே நினைப்போம்? அந்த ஆண்டே ஏற்றுமதி வரி வந்துவிட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு டன் 400 டாலர், ஒரு டாலர் உள்நாட்டு நாணயத்தில் 50 என்றால் வரவு 20,000. மதிப்பு இறங்கி டாலர் 60 ஆனால் 24,000. அதன்மேல் 30 சதவீத ஏற்றுமதி வரி போட்டால் மிஞ்சுவது 16,800. மதிப்பு இறங்குவதற்கு முன் கிடைத்ததைவிடக் குறைவு, உரத்தின் விலையோ ஏறியே இருக்கும். 2008-ல் அந்த வரியை உலக விலையோடு சேர்ந்து ஏறும்படி மாற்றியபோது, விவசாயிகள் சாலைகளை மறித்தார்கள். செனட்டில் 36-க்கு 36 என்று வாக்குகள் சமமாகி, துணை அதிபர் கோபோஸ் எதிர்த்து வாக்களித்ததால்தான் அது விழுந்தது. ஒரு நாட்டின் விளைச்சல் வருமானம் ஒரே ஒரு வாக்கில் தொங்கியது. அந்த நிலைமையை நான் எந்த விவசாயிக்கும் விரும்ப மாட்டேன்.

நியூசிலாந்து எதிர்த்திசையில் போனது. 1984-ல் நாணய மதிப்பை 20 சதவீதம் குறைத்தார்கள், விவசாய மானியங்களை வெட்டினார்கள், 1985 மார்ச்சில் நாணயத்தை மிதக்கவிட்டார்கள். அது சுகமாக நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. மிதக்கவிட்ட பிறகு நாணயம் ஏறியது, வட்டியும் ஏறியது; கடனில் இருந்த ஆட்டுப் பண்ணைக்காரர்கள் நொந்துபோனார்கள். நகரத்திலும் அடி விழுந்தது. கார்களுக்கான இறக்குமதி வரி 1998-ல் நீங்கியதோடு, அங்கிருந்த கார் இணைப்பு ஆலைகள் மூடப்பட்டன. ஆனாலும் விவசாயிகள் மறுபடி மானியம் கேட்டுக் கிளம்பவில்லை; உலகச் சந்தையைப் பார்த்துத் தங்கள் தொழிலை மாற்றிக்கொண்டார்கள். நான் பெரிதாக மதிப்பது இதைத்தான்.

ஒரு இடத்தில் மட்டும் என் வாதம் தளர்கிறது. டாலரில் கடன் வாங்கி உள்நாட்டில் மட்டும் விற்கும் நகரத்து நிறுவனத்துக்கு, மிதக்கும் நாணயம் கழுத்தில் கத்தி. 1997 நடுவில் டாலருக்குச் சுமார் 2,400 ஆக இருந்த இந்தோனேசிய ரூபியா, 1998 ஜனவரியில் 10,000-ஐத் தாண்டியது; கடன் நான்கு மடங்கானால் எந்தத் தொழில் தாங்கும்? உணவையே இறக்குமதி செய்யும் நாடாக இருந்தாலும் நான் இவ்வளவு உறுதியாகப் பேச மாட்டேன். என் அனுபவம் முழுக்க விற்கும் பக்கத்தில்தான். அப்படிப்பட்ட இடங்களில் டாலர் கடனுக்கு முதலில் ஒரு வரம்பு கட்டிவிட்டு, அப்புறம் நாணயத்தை மெல்ல மெல்லத் தளர்த்துவதே சரி என்று படுகிறது.