அத்தைக்கு எது சரி: முதியோர் உதவித்தொகையா, பராமரிப்பு உதவித்தொகையா?

மாமா போனபிறகு அத்தை தனியாகத்தான் பொங்கித் தின்றுகொண்டிருந்தார். எட்டு வருடமாக ஓ.ஏ.பி., அதாவது அரசு தரும் முதியோர் உதவித்தொகை, வந்துகொண்டிருந்தது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் அதை முதியோர் பணம் என்போம். போன வருடம் மாசியில் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டோம். அதே பணத்தில் இருப்பதா, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாறுவதா என்று வீட்டில் இரண்டு மாதம் பேச்சு ஓடியது. ஒருவருக்கு இரண்டில் ஒன்றுதான். கடைசியில் மாறினோம். மாறியது சரிதான் என்பது என் முடிவு.

தொகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதியோர் உதவித்தொகை 2023 ஆகஸ்டில் 1000 ரூபாயிலிருந்து 1200 ஆனது. பராமரிப்பு உதவித்தொகை 2000. 80 வயது தாண்டினால் முதியோர் பணம் கூடும் என்று பலர் நம்பிக் காத்திருக்கிறார்கள். கூடுவது மத்திய அரசின் பங்கு மட்டும்தான். 200 ரூபாய் 500 ஆகும், மாநிலம் போடும் பங்கு அந்த அளவுக்குக் குறையும்.

எங்களை மாறவைத்தது அந்த 800 ரூபாய் இல்லை. மாதாமாதம் அலைச்சல் யார் தலையில் விழுகிறது என்பதுதான்.

அத்தையின் பழைய கணக்கு, பேங்க்காரர் ஊருக்கு மெஷின் கொண்டுவந்து கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கும் கணக்கு. நல்லா இருந்த காலத்திலேயே, களை வெட்டிக் களை வெட்டி ரேகை தேய்ந்த விரல் அது. ஈரத்துணியால் துடைத்து, நாலு தடவை வைத்தால் ஒரு தடவை ஏறும். பக்கவாதத்துக்குப் பிறகு வலது கை மூடியது மூடியபடி. வெந்நீரில் கையை வைத்து, ஒவ்வொரு விரலாக நான் பிரித்துவிட வேண்டும். கட்டைவிரலை மெஷினில் அழுத்தும்போது அத்தை பல்லைக் கடித்துக்கொள்வார். இடது கையை வைத்தாலும் சில மாதம் ஏறாது. "அடுத்த வாரம் பாப்போம்மா" என்று அவர் கிளம்பிவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, மெஷின் ஏற்றால்தானே கொடுக்க முடியும். ஆனால் படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஒருவர், தன் பணத்துக்காக மாதம் ஒருமுறை வலியில் துடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

பராமரிப்புத் தொகை வங்கிக் கணக்கில் நேராக ஏறுகிறது. அதற்காகக் கிளையில் புதுக்கணக்கு தொடங்கி ஏ.டி.எம். அட்டையும் வாங்கிக்கொண்டோம். மாதாமாதம் அத்தையைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. பழைய கணக்குக்கும் அட்டை கேட்டிருக்கலாமே என்றால், கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் அந்த வசதி ஏற்கெனவே இருந்தால், என் வாதத்தில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

பராமரிப்புத் தொகைக்கும் பாடு உண்டு. ஆனால் அது வருடத்துக்கு ஒருமுறை, அதுவும் பார்த்துக்கொள்கிறவர் படும் பாடு. வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வாழ்நாள் சான்று, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகல், ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் சேர்த்து அந்தத் துறையின் மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். தலையாரி அண்ணன் வீட்டுக்கு வந்து அத்தையைப் பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் சான்று கைக்கு வந்தது. ஒரு நாள் பஸ் செலவு, அரை நாள் காத்திருப்பு, அவ்வளவுதான்.

உண்மையான கஷ்டம் தொடக்கத்தில்தான். கை, கால் பாதிப்புக்கு 75 சதவீதமும் அதற்கு மேலும் என்று சான்று இருந்தால்தான் இந்தத் தொகை. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 40 சதவீதம் போதும். பக்கவாதம் வந்த உடனே சான்றுக்குப் போனால் டாக்டர்கள் மதிப்பிடவில்லை, ஆறு மாதம் போகட்டும் என்று திருப்பிவிட்டார்கள். அப்புறம் ஆட்டோ பிடித்து, மதுரைக்கு இரண்டு தடவை. போகிற வழியெல்லாம் அத்தை குழறிக் குழறி ஒரே கேள்விதான் கேட்டார். "ஏத்தா, வர்றதையும் விட்டுட்டு நிக்கப் போறமா?" அவர் பயம் நியாயமானது. பழையதை நிறுத்தச் சொல்லித் தாலுகா ஆபீஸில் எழுதிக்கொடுத்து, புதியது ஏற மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் கையிலிருந்துதான் போட்டோம். அந்தச் செலவைத் தாங்க முடியாத வீடு, கொஞ்சம் சேர்த்துவைத்துக்கொண்டு இறங்குவது நல்லது.

விட்டுக்கொடுத்ததும் உண்டு. முதியோர் பணத்தோடு மாதம் 4 கிலோ இலவச அரிசி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சேலை என்று வரும். சேலை நின்றதில் அத்தைக்கு இன்றும் மனக்குறைதான். எனக்குக் கணக்கு வேறு: பத்து டயப்பர் இருக்கிற ஒரு பாக்கெட் ஒரு வாரத்துக்கு வராது. அரிசியை எப்படியாவது சமாளித்துவிடலாம், டயப்பரை முடியாது.

இன்னொன்று, பார்த்துக்கொள்கிறவரைப் பற்றியது. நான் தையல் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. பராமரிப்புத் தொகை வாங்குவோரில், எல்லாவற்றுக்கும் இன்னொருவர் துணை வேண்டியிருப்பவர்களின் உதவியாளருக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் இருக்கிறது. முதியோர் பணத்தில் அப்படி ஒரு கதவே இல்லை. மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதனால் அதை நம்பி மாறுங்கள் என்று சொல்லமாட்டேன். மகளிர் உரிமைத்தொகை 1000 ரூபாய் என் பெயரில் வருவது தனி. வீட்டில் ஒருவர் முதியோர் பணம் வாங்கினாலும் தகுதியுள்ள மற்றொரு பெண்ணுக்கு அது தடையில்லை என்று 2023லேயே தளர்த்திவிட்டார்கள்.

இதெல்லாம் ஒரே ஒரு அத்தையை வைத்துச் சொல்வது. நடமாடுகிற, கைரேகை ஒழுங்காக விழுகிற முதியவர் என்றால் ஓ.ஏ.பி.யே போதும், மாற நினைக்கவே வேண்டாம். 75 சதவீதம் வராது, ஆனால் 40 தாண்டும் என்றால், வருவாய்த்துறையே மாற்றுத்திறனாளிகளுக்குத் தரும் 1500 ரூபாயைத் தாலுகா ஆபீஸில் கேட்டுப்பாருங்கள். பக்கத்துத் தெருப் பெரியப்பாவுக்கு 50 சதவீதம்தான் போட்டார்கள். அவர் மகளிடம் நான் சொன்னது அதைத்தான். படுத்த படுக்கை என்றால் ஆறாவது மாதமே மருத்துவச் சான்றுக்குக் கிளம்பிவிடுங்கள். நாங்கள் வெயில் தாழட்டும், தீபாவளி போகட்டும் என்று தள்ளிப்போட்டதில் அத்தையின் விரலை இன்னும் நாலு மாதம் பிரிக்க வேண்டியதாயிற்று.