மூக்குக் கழுவும் போத்தலோடு மூன்று வருடம்

எனக்குத் தூசி அவ்வளவு பிரச்சினை இல்லை. ஏசி, வாசனைத் திரவியம், கொச்சிக்காய் வறுக்கிற புகை, இந்த மூன்றும்தான் ஆகாது. மத்தியானம் காலி வீதியில் வேர்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஏசி பஸ்ஸில் ஏறினால், வெள்ளவத்தையிலிருந்து பம்பலப்பிட்டி வருவதற்குள் ஒரு பக்க மூக்கு அடைத்து, மற்றப் பக்கம் தண்ணியாய் ஓடும். அம்மா இதைப் பீனிசம் என்பார். தோலில் குத்திப் பார்க்கிற ஒவ்வாமைப் பரிசோதனையில் ஒன்றுமே வரவில்லை. எனக்கு இருப்பது ஒவ்வாமை இல்லாமலே, குளிருக்கும் வாசனைக்கும் மூக்கின் நரம்பு அளவுக்கு மீறித் துடித்து, உள்ளே இருக்கிற இரத்தக் குழாய்கள் வீங்குகிற வகையாம். வருடக்கணக்காக விழுங்கிய, ஒவ்வாமைக்கான தும்மல் குளிசை நித்திரையைத் தவிர வேறொன்றும் தராததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அதற்கு முதல் செய்த பெரிய மடத்தனம், பாமசியில் வாங்கிய ஒக்சிமெட்டசொலின் சொட்டு மருந்து. விட்ட கொஞ்ச நேரத்தில் மூக்குத் திறந்துவிடும், சொர்க்கம்! மூன்று நாலு நாளைக்கு மேல் விடக்கூடாது என்பது எனக்குத் தெரிய வந்தபோது நாலு மாதம் போய்விட்டது. மருந்தின் வேகம் குறைந்ததும் முன்னையைவிட மோசமாக அடைக்கும், திரும்பவும் விட வேண்டும். நிறுத்திய முதல் இரண்டு கிழமையும் கதிரையில் சாய்ந்தபடிதான் தூங்கினேன்.

சரி, போத்தல். உப்புத் தண்ணீரை மூக்குக்குள் விட்டுக் கழுவுவதற்கானது. கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும்தான். குழாய்த் தண்ணீரை அப்படியே மூக்கில் ஊற்றாதீர்கள், மூளையைத் தாக்கும் அமீபா, அரிதென்றாலும், அந்த வழியாகத்தான் போகும். லீட்டருக்கு 9 கிராம் உப்பு. ஒருநாள் அவசரத்தில் உப்பை மறந்துவிட்டேன், உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இன்னொரு நாள் காலையில் கழுவிவிட்டு அலுவலகத்துக்கு ஓடி, கூட்டத்துக்கு நடுவே விழுந்த பேனையை எடுக்கக் குனிந்தேன், உள்ளே எங்கேயோ தங்கியிருந்த தண்ணீர் பொளக்கென்று பக்கத்தில் இருந்தவரின் கோப்பில் கொட்டியது. அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பை மட்டும் தள்ளி வைத்தார். இப்போதெல்லாம் இரவில்தான் கழுவுகிறேன், முடிந்ததும் தலையைக் குனிந்து இரண்டு பக்கமும் சாய்த்து வடிய விடுகிறேன்.

கழுவின பிறகு ஃப்ளூட்டிகசோன் ஸ்பிரே, மூக்கின் உள்வீக்கத்தைக் குறைக்கிற ஸ்டெரொயிட் மருந்து, டொக்டர் எழுதித் தந்தது. முதலில் நடுச்சுவரில் படும்படி அடித்து இரத்தம் வந்தது. வலது கையால் இடது துவாரத்துக்கும், இடது கையால் வலது துவாரத்துக்கும் அடித்தால் மருந்து நடுச்சுவரில் படாமல் மூக்கின் வெளிப்பக்கச் சுவரை நோக்கிப் போகும், இரத்தமும் நின்றது. உடனே ஒன்றும் தெரியாது, இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும்.

இப்போது ஏசி பஸ்ஸில் கோட்டை வரைக்கும் மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு போகிறேன். லிஃப்டில் யாராவது சென்ட் அடித்துக்கொண்டு ஏறினால் மட்டும் பழையபடிதான். அம்மாவின் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிக்கு இந்தப் போத்தலும் தோற்றுப்போனது. அவர் தூபக்காலைக் கையில் எடுத்தால் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்விடுவேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன், கொழும்பு ஈரத்துக்குப் போத்தலின் வாய்ப்பகுதி சீக்கிரம் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு முறையும் கழுவிக் காய வையுங்கள், நான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குகிறேன்.