வேளச்சேரி ஒருநாள் அவசரகாலப் பயிற்சி: மதியத்துக்குத்தான் காசு

அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களுக்கென்று நடத்துகிறார்கள். ஆளுக்கு 1,500 ரூபாய், சாப்பாடு சேர்த்து. காலைப் பகுதி முக்கால்வாசி ஸ்லைடு. 108-க்கு எப்போது போன் செய்வது என்று சொல்ல முக்கால் மணி நேரம் எதற்கு?

சிபிஆர் (இதயம் நின்றவரின் நெஞ்சை அமுக்கி, மூச்சு ஊதும் முதலுதவி) பகுதி உருப்படி. நெஞ்சை 5 செ.மீ. அமுக்கினால் பயிற்சிப் பொம்மை 'க்ளிக்' என்று சத்தம் கொடுக்கும். நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கல், 30 அமுக்கலுக்கு 2 மூச்சு. பலர் கோட்டைவிடுவது அமுக்குவதில் இல்லை, விடுவதில். எடையை நெஞ்சின் மேலேயே சாய்த்து வைத்திருந்தால் நெஞ்சு மேலெழும்பாது. இதயத்தில் ரத்தமும் சரியாக நிரம்பாது. பயிற்சியாளர் இதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்கிறார். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆளையும் மாற்றுகிறார். கை களைத்தால் ஆழம் குறைவது அமுக்குபவருக்கே தெரியாது.

மதியச் சாப்பாட்டின் நடுவே, சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் சரிந்து விழுகிறார் (நடிக்கும் உதவியாளர்தான்). விட்டுவிட்டு வாயைப் பிளந்து மூச்சை இழுக்கிறார். காலையில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவர்கள், "மூச்சு இருக்கே" என்று நிற்கிறார்கள். அது மூச்சே இல்லை. இதயம் நின்ற பிறகும் சில நிமிடம் அப்படி இழுக்கும். "யாராவது 108-க்குப் போடுங்க" என்று ஒரு குரல். ஒருத்தரும் போனை எடுப்பதில்லை. பிறகு பொம்மையை வைத்து அதையே மறுபடி செய்யச் சொல்கிறார்கள். இம்முறை ஆளைச் சுட்டித்தான் பேச வேண்டும்: "நீலச் சட்டை அண்ணா, நீங்க 108 போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. அக்கா, நீங்க கேட்ல போய் நில்லுங்க." 1,500 ரூபாய் இந்த அரைமணிக்கே தகும்.

தீயணைப்பான் பகுதி சொதப்பல். ஒருவர் அடிக்க மற்றவர்கள் வேடிக்கை. 6 கிலோ பவுடர் சிலிண்டர் அரை நிமிடம்கூடத் தாங்காது என்பது கையில் பிடித்தால்தான் உறைக்கும். பதற்றத்தில் கைப்பிடியை இறுக்கிக்கொண்டே அதைப் பூட்டியிருக்கும் பின்னை இழுப்பார்கள், வரவே வராது. கைப்பிடியை விட்டு, பின்னைத் திருகி முத்திரையை உடைத்து உருவ வேண்டும். இதை ஒவ்வொருவரும் செய்து பார்க்காமல் என்ன பயிற்சி?

வெள்ளத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, அதுவும் வேளச்சேரியில்! தண்ணீர் ஏறும் முன்பே மெயின் சுவிட்சை அணைப்பது, லிஃப்டை மேல் மாடியில் நிறுத்துவது எல்லாம் பாடத்தில் இருக்க வேண்டியவை.

பதிவு செய்யும்போதே ஆளுக்கொரு முறை சிலிண்டர் அடிக்க விடுவார்களா என்று கேட்டுவிடுங்கள். தரையில் மண்டியிட வேண்டியிருக்கும். அதற்குத் தோதான உடையில் போங்கள்.