எலக்ட்ரிக் கிராவல் சைக்கிளுக்கு ஆன்லைனில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்: ரூ. 2,35,000 கொடுத்துவிட்டு நிற்கிறேன்

ஃபிரேம் 49 சைஸ் என்று சொன்னார்கள், பில்லிலும் 49 என்றே போட்டார்கள், வந்தது 54. திருப்பி எடுக்க மாட்டோம் என்று நேற்று ராத்திரி முடிவாகச் சொல்லிவிட்டார்கள். 2,35,000 ரூபாய். தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு போடப் போவதால் இப்போது பெயர் வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் சொன்னார். எப்படிப்பட்ட கடை என்று மட்டும் சொல்கிறேன்: பெங்களூரில் ஷோரூம், வெளிநாட்டு சைக்கிள்களை இறக்கி இணையதளம் வழியாக எல்லா ஊருக்கும் விற்கிறவர்கள், "வீட்டிலிருந்தே ஃபிட்டிங்" என்று விளம்பரம் செய்கிறவர்கள். வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் இருப்பது பொள்ளாச்சி. பல வருடமாக சைக்கிள் ஓட்டுகிறேன். எங்கள் பக்கம் தார் ரோட்டை விட பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம்) வாய்க்கால் கரையும் தோப்புக்கு நடுவே போகிற இட்டேரிகளும்தான் ஓட்டுவதற்கு நன்றாக இருக்கும். கல்லும் மண்ணுமான பாதை என்பதால் ரோடு சைக்கிளின் மெல்லிய டயர் தாங்காது, எம்டிபி என்கிற மலை சைக்கிள் தார் ரோட்டில் இழுவையாக இருக்கும். இரண்டுக்கும் பொதுவாக 40 மி.மீ. டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் உள்ள கிராவல் சைக்கிள்தான் சரி. போன வருடம் முழங்கால் தேய்மானம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓட்டுவதை நிறுத்தாதீர்கள், ஆனால் மேட்டில் அழுத்தி மிதிக்காதீர்கள் என்றார். அதற்காகத்தான் மோட்டார் வைத்த கிராவல் தேடினேன். ஏலச்சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது.

அந்த இணையதளத்தில் இருந்த வண்டி எனக்கென்றே செய்ததுபோல் இருந்தது. பின் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்பில் 250 வாட் மோட்டார், ஃபிரேமின் கீழ்க்குழாய்க்குள்ளேயே பேட்டரி, 15 கிலோ எடை. 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் தானாக நின்றுவிடும், அதனால் ரிஜிஸ்ட்ரேஷன் தேவையில்லை. ஷோரூம் டெமோ பீஸ் என்பதால் விலை குறைத்து 2,35,000.

போன் செய்தேன். அடுத்து நடந்ததுதான் என்னை நம்ப வைத்தது. விற்பதிலேயே அவர்கள் குறியாக இருந்திருந்தால் நான் விலகியிருப்பேன். "மேடம், அவசரப்பட வேண்டாம், முதலில் உங்கள் அளவு எடுப்போம்" என்று நன்றாகத் தமிழ் பேசுகிற ஒரு பையன் வீடியோ காலில் வந்தான். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கச் சொன்னான். தொடைகளுக்கு நடுவே கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றை இறுக்கமாக மேலே தூக்கிப் பிடித்து, அதன் மேல்விளிம்பு சுவரில் படும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தரையிலிருந்து அளக்கச் சொன்னான். 74 செ.மீ. "அதை 0.883-ஆல் பெருக்கினால் 65.3 மேடம், கிராங்க் (பெடலைத் தாங்கும் தண்டு) அச்சிலிருந்து சீட்டு மேல் வரை அதுதான் உங்கள் சீட்டு உயரம், 49 சைஸ் கச்சிதமாக இருக்கும்" என்றான். கை நீளம், தோள் அகலம் எல்லாம் கேட்டான். எந்த முழங்கால் வலிக்கிறது, முன்பக்கமா பின்பக்கமா என்றுகூடக் கேட்டான். தன் அம்மாவுக்கும் அதே வலி என்றான். கிராங்க் 165 மி.மீ. வருகிறது, கிராங்க் குட்டையாக இருந்தால் பெடல் மேலே வரும்போது முழங்கால் குறைவாக மடங்கும், உங்களுக்கு அதுதான் நல்லது என்று விளக்கினான். சொன்னது அத்தனையும் சரியான விஷயம். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது. விஷயம் தெரியாதவன் ஏமாற்றவில்லை, எல்லாம் தெரிந்தவன் ஏமாற்றியிருக்கிறான். அன்றைக்கே என் பெயர் போட்ட ஃபிட்டிங் ரிப்போர்ட் பிடிஎஃப் வந்தது: சைஸ் 49, ஸ்டாக் (ஃபிரேமின் உயரம்) 530 மி.மீ., ரீச் (ஃபிரேமின் முன்பக்க நீளம்) 370 மி.மீ., ஹேண்டில்பார் அகலம் 40 செ.மீ., கிராங்க் 165.

கார்டில் கட்டினால் இரண்டு சதவீதம் கூடுதல் என்றார்கள். அதனால் பேங்கில் போய் ஆர்டிஜிஎஸ் செய்தேன். முழுத் தொகை, 2,35,000. கார்டுக்குக் கூடுதல் கேட்டது ஏன் என்று இப்போது புரிகிறது. கார்டாக இருந்தால் பேங்க் மூலமாகச் சர்ச்சை எழுப்பிப் பணத்தைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும்.

கோயம்புத்தூர் லாரி பார்சல் ஆபீஸில் பெட்டியை எடுத்தேன். பெட்டிப் பக்கவாட்டில் சைஸ் லேபிள் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை டேப் ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்து ஹேண்டிலை மாட்டி நேராக நிறுத்தி, மேல்குழாய்க்கு இரண்டு பக்கமும் கால் போட்டு நின்றால், இரண்டு பாதமும் தரையில் பதியவில்லை. குதிகால் தூக்கித்தான் நிற்க முடிந்தது. கரடு முரடான பாதையில் ஓட்டுகிற சைக்கிளில் மேல்குழாய்க்கும் நமக்கும் நடுவே நாலைந்து செ.மீ. இடைவெளியாவது வேண்டும். டேப்பை உரித்துப் பார்த்தேன். 54.

உடனே போன். "லேபிள் மாறியிருக்கும் மேடம், வண்டி 49தான், ஓட்டிப் பாருங்கள், பழகிடும்" என்றான் அதே பையன். பழகிடும் என்ற இந்த ஒரு வார்த்தையை அதற்கப்புறம் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்!

ஓட்டினேன். சீட்டை எனக்குத் தேவையான 65.3-க்கு இறக்க முடிந்தது. இதை எல்லோரும் கவனியுங்கள். பெரிய ஃபிரேமிலும் சீட்டு இறங்கிவிடும், காலும் பெடலுக்கு எட்டிவிடும், அதனால் சைஸ் சரிதான் என்று தோன்றும். பிரச்சினை மேலே இருக்கிறது. ஹேண்டிலில் கை வைக்கும் பிரேக் ஹூடைப் பிடிக்க முதுகையும் தோளையும் இழுத்து நீட்ட வேண்டியிருந்தது. பிரேக் லீவருக்கு விரல் நுனிதான் எட்டியது. வாய்க்கால் கரையில் எதிரே மாட்டு வண்டி வந்தபோது நின்று காலை ஊன்றப் போனேன், தரை எட்டவில்லை. சாயும்போது இன்னொரு கால் பெடலை அழுத்திவிட்டது, உடனே மோட்டார் முன்னே தள்ளியது. சாதாரண சைக்கிள் அந்த இடத்தில் சும்மா சாய்ந்திருக்கும். இது என்னையும் இழுத்துக்கொண்டு சரிவில் போனது. 15 கிலோ வண்டி மேலே விழுந்தது. மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அப்புறம் கோயம்புத்தூரில் எங்கள் சைக்கிள் குழுவுக்கு வழக்கமாக சர்வீஸ் செய்கிற தம்பியிடம் கொண்டுபோனேன். தூக்குக்குண்டு நூல் கட்டி, கிராங்க் அச்சிலிருந்து நேர் மேலே ஹேண்டில் குழாயின் முனை மட்டம் வரை அளந்தான், 571. அதுதான் ஸ்டாக். படுக்கைவாக்கில் முன்னே அளந்தான், 388. அதுதான் ரீச். ரிப்போர்ட்டில் இருந்தது 530, 370. கிராங்கின் உள்பக்கம் துடைத்துக் காட்டினான், 172.5 என்று பொறித்திருந்தது. ஹேண்டில்பார் 44. "அக்கா, இது உங்க சைக்கிளே இல்லைங்க" என்றான். முழங்காலுக்காக வாங்கிய வண்டியில் முழங்காலை இன்னும் அதிகமாக மடக்குகிற கிராங்க். மருந்து என்று சொல்லி வேறு எதையோ கொடுத்த மாதிரி இருக்கிறது எனக்கு.

அளந்த படங்கள், ரிப்போர்ட், பில் எல்லாம் சேர்த்து மெயில் அனுப்பினேன். அதற்கப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில் பதிலே இல்லை. பிறகு, "பிராண்டுக்கு பிராண்டு சைஸ் நம்பர் மாறும் மேடம்" என்று ஒரு வரி. மாறும், உண்மைதான். அதனால்தானே ஒவ்வொரு கம்பெனியும் ஸ்டாக், ரீச் அட்டவணை போடுகிறது? அந்த அட்டவணையை வைத்துத்தானே நான் கேட்கிறேன்? அதற்குப் பதில் இல்லை. அப்புறம் ஸ்டெம்மை (ஹேண்டிலை ஃபிரேமோடு இணைக்கும் துண்டு) 100 மி.மீ.-லிருந்து 60-க்கு மாற்றுங்கள், நாங்களே அனுப்புகிறோம், 3,500 ரூபாய் என்றார்கள். 4 செ.மீ. ஸ்டெம்மைக் குறைத்தால் கை எட்டும், ஆனால் ஹேண்டில் தொட்டாலே திரும்பும், ஜல்லியில் அது ஆபத்து. மேல்குழாய் உயரமோ கிராங்கோ அதனால் மாறப் போவதில்லை. அடுத்து சீட்டை முன்னே தள்ளச் சொன்னார்கள். முன்னே தள்ளினால் மிதிக்கும்போது முழங்கால் பெடல் அச்சைத் தாண்டி முன்னே போகும், முழங்கால் சிப்பியில் பாரம் ஏறும். என் வலி முன்பக்கம்தான் என்று அந்த வீடியோ காலில் கேட்டு எழுதிக்கொண்டவர்களே இதைச் சொல்கிறார்கள்.

ஒரு நாள் மேனேஜர் என்று ஒருவர் பேசினார். நான் ரீச் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, "வீட்டில் சார் இருந்தால் போனைக் கொடுங்கள் மேடம், அவரிடம் விளக்குகிறேன்" என்றார். பணம் வாங்கும்போது சாரை யாரும் கேட்கவில்லை. 2,35,000 ரூபாய் என் கணக்கிலிருந்துதான் போனது.

பேட்டரியும் சொன்னபடி இல்லை. 70 கி.மீ. வரும் என்றார்கள். சமதளமான வாய்க்கால் கரையில், மிகக் குறைந்த மோடில், அதில் பாதி தூரம்கூட வரவில்லை. டெமோ பீஸ் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கும். லித்தியம் செல் காலியாகவே கிடந்தால் அதன் கொள்ளளவு போய்விடும். கேட்டதற்கு "ஹை மோடில் ஓட்டியிருப்பீர்கள்" என்றார்கள். குழாய்க்குள் இருக்கிற பேட்டரி என்பதால் வெளியே எடுத்துப் பார்க்கவும் வழியில்லை.

சரி, வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள் என்றேன். லித்தியம் பேட்டரி உள்ள வண்டியை கூரியர்காரர்கள் எடுக்க மாட்டார்கள், நீங்களே பெங்களூர் கொண்டுவர வேண்டும் என்றார்கள். அனுப்பும்போது மட்டும் லாரியில் எப்படி வந்தது? அதையும் கேட்டேன். நேற்று ராத்திரி வந்த கடைசி மெயில் இதுதான்: டயரில் மண் இருக்கிறது, வண்டி பயன்படுத்தப்பட்டுள்ளது, ரிட்டர்ன் கிடையாது. ஓட்டிப் பாருங்கள் என்று சொன்னவர்களும் அவர்கள்தான். இன்று காலை பார்த்தால் இணையதளத்தில் அந்த வண்டியின் பக்கத்தில் 49 என்பதை எடுத்துவிட்டு "5 அடி 2 முதல் 5 அடி 9 வரை" என்று மாற்றியிருக்கிறார்கள். 49 தீர்ந்துபோய், விற்காமல் கிடந்த 54-ஐ என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். பழைய பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் என்னிடம் இருக்கிறது.

வாங்குவது எப்படி என்று விரிவாக எழுத நினைத்தேன். கை வலிக்கிறது, அவசியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

சைஸ் நம்பரை நம்பாதீர்கள். உங்களுக்கு வரப்போகிற அதே வண்டியில், ஃபிரேம் நம்பர் தெரிகிற மாதிரி, டேப் வைத்து ஸ்டாக், ரீச், மேல்குழாய் உயரம் அளந்த வீடியோ கேளுங்கள். தராவிட்டால் விட்டுவிடுங்கள். கிராங்கில் பொறித்த எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டெமோ பீஸ் என்றால் முழு சார்ஜில் எவ்வளவு தூரம் வருகிறது என்று எழுத்தில் வாங்குங்கள். முழுப் பணத்தையும் பேங்க் டிரான்ஸ்ஃபரில் கட்டாதீர்கள், இரண்டு சதவீதம் போனால் போகிறது. பெட்டி பிரிப்பதை முழுக்க வீடியோ எடுங்கள். முடிந்தால் நேரில் போய் ஏறி நின்று பார்த்து வாங்குங்கள், பஸ் செலவு 2,35,000 ஆகாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் வருட இ-காமர்ஸ் விதிகளிலேயே இருக்கிறது. புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. 2019 சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம், பெங்களூருக்கு அலைய வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நான் கோயம்புத்தூரில் போடப் போகிறேன்.

இந்த மாதிரி கடையில் யாராவது முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால், மீதியை அனுப்பும் முன் எனக்கு ஒரு செய்தி போடுங்கள். ரிப்போர்ட், பில், அளந்த படங்கள் எல்லாவற்றையும் அனுப்பி வைக்கிறேன்.